நினைவக அட்டையிலிருந்து இயங்கும் லினக்ஸ் கருவிகளின் உறக்கமும் விழிப்பும்

இயங்குதளம் முழுவதையும் விரல்நக அளவுள்ள மைக்ரோ எஸ்.டி. அட்டை ஒன்றில் வைத்துக்கொண்டு இயங்கும் லினக்ஸ் கருவிகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. பள்ளிக் குழந்தைகளுக்கென உருவான எக்ஸ்.ஓ-1.5 மடிக்கணினி தன் முதன்மைச் சேமிப்பகமாகவே அத்தகைய அட்டையொன்றைப் பெட்டிக்குள் வைத்திருந்தது. 2008-இல் வந்த ஓப்பன்மோக்கோ நியோ ஃப்ரீரன்னர் கைபேசியில் பலர் உள் சேமிப்பகத்தின் குறுகிய இடத்தை ஒதுக்கிவிட்டு அட்டையிலிருந்தே இயங்குதளத்தைத் தொடங்கினர். 2020-இல் விற்பனைக்கு வந்த பைன்ஃபோனோ, அட்டை செருகப்பட்டிருந்தால் உள் சேமிப்பகத்துக்கு முன்னதாக அதையே நாடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இவை பேட்டரியை நம்பி வாழும் கருவிகள் என்பதால், பயன்பாட்டில் இல்லாத நேரமெல்லாம் உறங்கியாக வேண்டும். அப்படி உறங்கிய கருவி விழிக்கும்போது தான் விட்டுச்சென்ற அட்டையைத் திரும்பக் கண்டுகொள்ளத் தவறுவதே இக்கட்டுரையின் பொருள். இதைப் பெரும்பாலும் இயக்கி நிரலின் பிழை என்றே கருதுவது வழக்கம். பிழைகளும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் சிக்கலின் வேர், கழற்றக்கூடிய பொருளென வகுக்கப்பட்ட ஒன்றைக் கழற்றவே முடியாத இடத்தில் பொருத்திவிட்டு, அந்தச் செய்தியைக் கெர்னலுக்குச் சொல்லாமல் விட்டதிலும், அட்டைக்கான மின்வழங்கலைச் சுற்றுப்பலகையில் சிக்கனமாக அமைத்ததிலும்தான் பெரிதும் கிடக்கிறது.

உறக்கம் என்னும் சொல் இங்கு இரண்டு நிலைகளைக் குறிக்கிறது. முதலாவதில், தற்காலிக நினைவகமான ரேமுக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் தொடர்ந்து கிடைக்க, மற்றவை அணைக்கப்படுகின்றன. இரண்டாவதான நெடுந்துயிலில், ரேமின் உள்ளடக்கம் நிலையான சேமிப்பகத்தில் எழுதப்பட்டு, கருவி முழுவதுமாக அணைக்கப்படுகிறது. முதல் நிலைக்குச் செல்லும்போது, இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல், எழுதப்படாமல் தேங்கிய தரவுகளை முதலில் கோப்பு முறைமைக்கு அனுப்பிவைக்கிறது. அடுத்துப் பயனரின் நிரல்கள் அனைத்தையும் உறையச் செய்கிறது. பின்னர் ஒவ்வொரு வன்பொருளின் இயக்கியையும் படிப்படியாக அழைத்து அதை ஓய்வுக்கு அனுப்புகிறது. கடைசியாகத் தலைமைச் செயலியகம் தவிர்ந்த மற்றவற்றை நிறுத்தி, தானும் நிற்கிறது. விழிப்பு இதே வரிசையின் தலைகீழ். இதில் கவனிக்க வேண்டியது, கோப்பு முறைமை எந்தக் கட்டத்திலும் அட்டையிலிருந்து பிரிக்கப்படுவதில்லை என்பதுதான். எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் தொகுதி காலியாக இருக்கிறது என்னும் விவரங்கள் ரேமில் அப்படியே இருக்க, அவை சுட்டும் அட்டை மட்டும் மின்சாரம் இழந்து, தன் நிலை அனைத்தையும் மறந்துவிடுகிறது.

விழித்தெழும் கெர்னலின் முன் நிற்கும் முதல் கேள்வி, துளைக்குள் இருப்பது பழைய அட்டைதானா என்பது. லினக்ஸின் அட்டைப் பிரிவு நெடுங்காலம் இக்கேள்விக்கு எச்சரிக்கையான விடையையே அளித்துவந்தது. உறங்கப் போகும்போது அட்டை அகற்றப்பட்டதாகவே கொள்வது, விழித்தபின் புதிய அட்டை செருகப்பட்டதாகக் கருதி மறுபடி கண்டறிவது என்பதே அந்த வழக்கம். ஒளிப்படக் கருவியின் அட்டையைச் செருகிப் படங்களை நகலெடுக்கும் மேசைக் கணினிக்கு இது பொருத்தமானது. உறங்கும் வேளையில் அட்டையைக் கழற்றி வேறொன்றைச் செருகினால், ரேமில் தங்கிய பழைய விவரங்கள் புதிய அட்டையின் மேல் எழுதப்பட்டு அதன் தரவுகள் பாழாகும் அபாயத்தை அது தடுத்தது. அதே வழக்கம், வேர்க் கோப்பு முறைமை, அதாவது இயங்குதளமே அமர்ந்திருக்கும் பகுதி, அட்டையில் இருக்கும் கருவிக்கு மரண தண்டனைக்கு ஒப்பானது.

அந்நிலையில் நிகழ்வதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கருவி விழிக்கிறது, திரை ஒளிர்கிறது, தொடுதலுக்குக்கூட மறுமொழி கிடைக்கிறது, ஏனெனில் இயங்கிக்கொண்டிருந்த நிரல்களின் பக்கங்கள் ரேமில் இருக்கின்றன. அட்டையை மறுபடி கண்டறிந்த கெர்னல், பழைய பெயரான ‘எம்.எம்.சி.பி.எல்.கே.0’ இன்னும் கோப்பு முறைமையின் பிடியில் இருப்பதால், அதே அட்டைக்கு ‘எம்.எம்.சி.பி.எல்.கே.1’ என்று புதுப்பெயர் சூட்டுகிறது. ஒரே பொருள் இரு பெயர்களில் நிற்க, கோப்பு முறைமையோ இல்லாத பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறது. புதிய கட்டளை ஒன்றைத் தட்டினால் உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை என்று மட்டும் வருகிறது. சற்று நேரத்தில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, ஜர்னல் எனப்படும் தன் பதிவேட்டை எழுத முடியாமல், படிக்க மட்டும் என்னும் நிலைக்குத் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறது. சரிசெய்யத் தேவையான கருவிநிரல்கள், அணைக்கும் கட்டளை உட்பட, தொலைந்துபோன அதே அட்டையில்தான் இருக்கின்றன. நடந்ததைக் குறித்துவைக்க வேண்டிய பதிவுக் கோப்பும் அங்கேதான் எழுதப்பட வேண்டும். இந்நோய்க்குச் சான்றுகள் கிடைப்பது அரிதாக இருந்ததற்கு இதுவே முதற்காரணம்.

இதற்கு முதலில் காணப்பட்ட தீர்வு, கெர்னலைத் தொகுக்கும்போது தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு விருப்பம். அட்டைகள் அனைத்தும் உறக்கம் முழுவதும் தத்தம் துளைகளிலேயே இருந்தன என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும்படி செய்வது அது. அதன் பெயரிலேயே பாதுகாப்பற்றது என்ற சொல்லும், விளக்கத்தில் ஆபத்தானது என்ற எச்சரிக்கையும் இடம்பெற்றிருந்தன. அட்டையையே வேர்க் கோப்பு முறைமையாகக் கொண்ட கருவிகளுக்கு மட்டும் உரியது என்ற குறிப்பும் உடனிருந்தது. ஆனால் அந்தக் குறிப்பு பொருந்தும் கருவிகளில் பல, உண்மையில் ஆபத்துக்கே இடமில்லாதவை. எக்ஸ்.ஓ-1.5-இன் அட்டை திருகாணிகளால் மூடப்பட்ட பெட்டிக்குள் இருந்தது. ஃப்ரீரன்னரில் பேட்டரியைக் கழற்றாமல் அட்டையைத் தொடவே முடியாது. எச்சரிக்கை யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு அந்த விருப்பம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களுக்கோ எச்சரிக்கை பொருந்தவில்லை. பல கருவிகளுக்கென ஒரே கெர்னலைத் தொகுத்து வழங்கும் விநியோகங்களும் இதனால் இக்கட்டில் சிக்கின, ஏனெனில் தொகுப்பு நேரத்தில் எடுக்கப்படும் முடிவு மேசைக் கணினியையும் கைபேசியையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியது. லினக்ஸின் 3-ஆம் பதிப்பு வரிசையின் காலத்தில் இந்த விருப்பம் நீக்கப்பட்டு, அட்டை அதே இடத்தில் இருந்ததாகக் கொண்டு, பின் சரிபார்ப்பதே பொதுவழக்கமாக மாறியது. யூ.எஸ்.பி. வழியாக இணைந்த சேமிப்பகங்களுக்கும் இதையொத்த ஏற்பாடு ஒன்று தனியாக உருவானது. அங்கே சரிபார்க்கப்படுவது அட்டையின் அடையாளமல்ல, அட்டைப் படிப்பானின் அடையாளமே என்பதால், தொடக்ககாலச் சிறு மடிக்கணினிகளில் இருந்ததுபோல் படிப்பான் யூ.எஸ்.பி.யில் தொங்கும் கருவிகளில் உள்ளே உள்ள அட்டை மாறினாலும் கெர்னலுக்குத் தெரியாமல் போகலாம்.

நேரடியாக இணைந்த அட்டையில் சரிபார்ப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதும் அறியத்தக்கது. ஒவ்வொரு அட்டையும் தயாரிப்பாளர் குறியீடு, பொருளின் பெயர், வரிசை எண், தயாரித்த மாதம் ஆகியவை அடங்கிய 128 பிட் அடையாளப் பதிவகம் ஒன்றைக் கொண்டிருக்கிறது. விழித்த கெர்னல் அட்டையை முதலிலிருந்து துவக்கி, இப்பதிவகத்தைப் படித்து, ரேமில் வைத்திருக்கும் பழைய நகலுடன் ஒப்பிடுகிறது. வேறுபட்டால் அட்டையை ஏற்க மறுக்கிறது. மாற்று அட்டையை இது பிடித்துவிடும். அதே அட்டையை உறக்கத்தின்போது கழற்றி, வேறொரு கணினியில் செருகி, கோப்பொன்றைத் திருத்தி, மறுபடி பொருத்தினால் மட்டும் இச்சோதனை ஏமாந்துபோகும். அந்த இன்னொரு கணினி எக்ஸ்ட்4-இன் பதிவேட்டை நிறைவேற்றி, காலித் தொகுதிகளை வேறுவிதமாகப் பங்கிட்டிருக்க, விழித்த கருவி தன் பழைய கணக்கின்படியே எழுதத் தொடங்கும். விளைவாக இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று அழிக்கும். இதைத் தடுக்க வேண்டுமெனில் கோப்பு முறைமையே விழிக்கும் ஒவ்வொரு முறையும் தன் தலைப்பகுதியை மறுபடி படித்து ஒப்பிட வேண்டும். அத்தகைய ஒப்பீடு வழக்கத்தில் இல்லை. பதிவேடற்ற ஃபேட் கோப்பு முறைமையில் சேதம் இன்னும் மௌனமாக நிகழும்.

அட்டை அகற்றப்பட்டதாகக் கருதும் பழைய வழக்கத்தில் மற்றொரு கோளாறும் மறைந்திருந்தது. அட்டையை அகற்றும் பணி, நிரல்கள் உறைந்தபின் இயக்கிகளை ஓய்வுக்கு அனுப்பும் கட்டத்தில் நிகழ்ந்தால், அதன் பகுதியாகத் தேங்கிய தரவுகளை எழுதி முடிக்க ஒரு முயற்சி நடைபெறும்; அம்முயற்சி, ஏற்கெனவே உறைந்துபோன ஒரு பணிக்காகக் காத்திருக்கும்; கருவி உறங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் நடுவில் நின்றுவிடும். 2010-இல் அப்பணி உறைவுக்கு முந்திய அறிவிப்புக் கட்டத்துக்கு நகர்த்தப்பட்டதும், உறக்கத்தின் இடையில் அட்டையைத் தேடும் பணி தடுக்கப்பட்டதும் இவ்வகை முடக்கத்தை ஏறக்குறைய ஒழித்தன.

மென்பொருளின் பக்கம் இவ்வாறு ஒழுங்குபட்டபின் எஞ்சியவற்றுள் பெரும்பங்கு மின்சாரத்தைச் சேர்ந்தது. எஸ்.டி. அட்டைகள் அனைத்தும் தொடக்கத்தில் 3.3 வோல்ட் சமிக்ஞையிலேயே பேசத் தொடங்குகின்றன. யூ.எச்.எஸ்.-1 என்னும் வேக வகையைச் சேர்ந்தவை, 11-ஆம் எண் கட்டளை வந்ததும் சமிக்ஞையை 1.8 வோல்ட்டுக்கு இறக்கிக்கொள்கின்றன. விநாடிக்கு 25 மெகாபைட் என்ற வரம்பைத் தாண்டி 104 மெகாபைட் வரை செல்லும் வேகம் இதனால்தான் கிட்டுகிறது. இறங்கிய அட்டையை மறுபடி 3.3 வோல்ட்டுக்கு ஏற்றும் கட்டளை எதுவும் கிடையாது. துவக்கநிலைக்குத் திருப்பும் 0-ஆம் கட்டளைகூட இதை மாற்றாது. மின்சாரத்தைத் துண்டித்து, வழங்கல் 0.5 வோல்ட்டுக்குக் கீழே வந்து குறைந்தது ஒரு மில்லிவிநாடி அங்கேயே நின்றபின் மறுபடி கொடுப்பதே ஒரே வழி என்று எஸ்.டி. தரவரையறை கூறுகிறது.

இங்கேதான் சிக்கனம் குறுக்கிடுகிறது. அட்டைக்கெனத் தனியே அணைத்து ஏற்றக்கூடிய மின்னழுத்தச் சீராக்கி ஒன்றை வைக்காமல், எப்போதும் உயிரோடிருக்கும் 3.3 வோல்ட் தடத்திலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் சுற்றுப்பலகைகள் மிகுதி. அவற்றில் கெர்னல் அட்டையை அணைத்ததாக நம்பிக்கொண்டு, அட்டையோடு பேசும் கட்டுப்படுத்தியை மட்டும் அணைக்கிறது; அட்டையோ 1.8 வோல்ட் நிலையிலேயே விழித்திருக்கிறது. திரும்பி வரும் கட்டுப்படுத்தி 3.3 வோல்ட்டில் பேசத் தொடங்க, பதில் வராமல், காலம் கடந்தது என்று பொருள்படும் -110 என்ற பிழை எண்ணுடன் துவக்கம் தோற்கிறது. முதல்முறை தொடங்கும்போது சரியாக வேலைசெய்த அட்டை, உறங்கி எழுந்தபின் மட்டும் தோற்பதும், கருவியை முழுவதும் அணைத்து மறுபடி தொடங்கினால் ஒன்றுமே நடவாததுபோல் இயங்குவதும், மெதுவான பழைய அட்டை ஒன்றை வைத்தால் குறையே தோன்றாததும் இதன் அடையாளங்கள். பீகிள்போன் பிளாக் போன்ற பலகைகளில் அட்டைத் துளை 3.3 வோல்ட் சமிக்ஞையோடு நின்றுவிடுவதால், மாறாத வழங்கல் இருந்தும் அங்கே இத்தொல்லை எழுவதில்லை. 0-ஆம் கட்டளையே அட்டையைத் திருப்பிவிடுகிறது.

சீராக்கி வைக்கப்பட்ட பலகைகளும் முற்றிலும் தப்பிவிடவில்லை. வழங்கலைத் துண்டித்தாலும் மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டம் வடிய நேரம் பிடிக்கும். அதைவிட நுட்பமானது, தரவுத் தடங்களை உயர்நிலையில் நிறுத்தும் மின்தடைகள் வழியே கசிந்துவரும் சிறு மின்சாரம். அது அட்டையின் உட்சுற்றைச் சற்றே உயிரோடு வைத்திருக்க, மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்குக் கீழே போகாமல் நின்றுவிடும். அலைவுகாட்டியை அட்டையின் மின்முனையில் வைத்துப் பார்த்தாலன்றி இது புலப்படாது; நிரலை மட்டும் படிப்பவர் எத்தனை நாள் படித்தாலும் காரணத்தை அடையமாட்டார். மின்னூட்டத்தை வடிக்க ஒரு மின்தடையைச் சேர்ப்பதும், அணைப்புக்கும் ஏற்றத்துக்கும் இடையே கூடுதல் தாமதத்தை வன்பொருள் விவரத்தில் குறிப்பதும் மருந்துகள். பிற்காலக் கெர்னல்களில், துவக்கத்தின்போது அட்டை ஏற்கெனவே 1.8 வோல்ட்டில் இருக்கிறதா என்று அதன் பதில்களிலிருந்து ஊகித்துக்கொள்ளும் சிறு சோதனையும் சேர்ந்திருக்கிறது. எதுவும் பயன்படாதபோது 1.8 வோல்ட்டையே தடைசெய்துவிடுவது கடைசி வழி. வேகம் 25 மெகாபைட்டுக்கு இறங்கும், ஆனால் கருவி ஒழுங்காக விழிக்கும். கைபேசியில் இது பொறுக்கத்தக்க இழப்பே.

மேற்சொன்ன வன்பொருள் விவரம் என்பது, ஏ.ஆர்.எம். வகைச் செயலிகளைக் கொண்ட கருவிகளில் சுற்றுப்பலகையின் அமைப்பைக் கெர்னலுக்கு எடுத்துரைக்கும் ‘டிவைஸ் ட்ரீ’ கோப்பு. அட்டை கழற்ற முடியாதது, அட்டை இருப்பதைக் காட்டும் முனை பழுதானது அல்லது இல்லவே இல்லை, 1.8 வோல்ட் கூடாது, இன்ன சீராக்கியே அட்டைக்குரியது என்பனவெல்லாம் அதில் ஒற்றைச் சொற்களாக எழுதப்படும். முன்பு தொகுப்பு நேரத்தில் எல்லாருக்குமாக எடுக்கப்பட்ட முடிவு இப்போது ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியே எடுக்கப்படுகிறது. இதுவே சரியான இடம். ஆயினும் அக்கோப்பை எழுதுபவர் பெரும்பாலும் வேறொரு பலகையின் கோப்பை நகலெடுத்தே தொடங்குகிறார் என்பதால், இல்லாத சீராக்கியும் தலைகீழான முனைக்குறியும் அவ்வப்போது நுழைந்துவிடுகின்றன. அட்டை இருப்பைக் காட்டும் முனை, விழிக்கும் கணத்தில் நிலையற்று ஆடினால், செருகியே இருக்கும் அட்டை கழன்றுவிட்டதாகக் கெர்னல் முடிவுகட்டுவதும் உண்டு. மிகு வேகங்களில் தரவைப் படிக்கும் தருணத்தை நுண்ணிதாகச் சரிசெய்யும் இசைவமைப்பு, கட்டுப்படுத்தி மின்சாரம் இழந்ததும் அழிந்துபோவதால் அதையும் புதிதாகச் செய்யவேண்டும். தவறினால் -84 என்ற பிழை எண்ணுடன் தரவுச் சரிபார்ப்புத் தோல்விகள் வரிசையாக வரும்.

அட்டையும் தன்னளவில் ஒரு சிறு கணினி. ஃபிளாஷ் நினைவகத்தின் தேய்வைப் பகிர்ந்தளிக்கவும், பழைய தொகுதிகளைத் துப்புரவாக்கவும் அதனுள் ஒரு கட்டுப்படுத்தி ஓயாமல் வேலைசெய்கிறது. அவ்வேலையின் நடுவில் மின்சாரம் போனால், எந்தத் தரவு எங்கே என்று காட்டும் அதன் உள்வரைபடமே சிதையக்கூடும்; அண்மையில் எழுதிய கோப்பு மட்டுமன்றி ஆண்டுக்கணக்கில் தொடாத கோப்பும் அதில் போகலாம். சுற்றுப்பலகையில் பற்றவைக்கப்படும் இ.எம்.எம்.சி. சேமிப்பகங்கள், மின்சாரம் போகப்போகிறது என்று முன்னறிவிக்கும் வழியை 4.5-ஆம் பதிப்பிலேயே பெற்றுவிட்டன. எஸ்.டி. அட்டைகளுக்கு அத்தகைய அறிவிப்பை அனுப்பும் ஆதரவு லினக்ஸில் 2021-இல் வந்த 5.14-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவும் அட்டை அதைப் புரிந்துகொண்டால் மட்டுமே. ஒரு நாளைக்கு நூறு முறை உறங்கி எழும் கைபேசி, நூறு முறை அட்டையின் மின்சாரத்தைத் துண்டிக்கிறது என்பதை எண்ணினால், மலிவான அட்டைகள் ஏன் விரைவில் கெடுகின்றன என்பதற்கு ஒரு விளக்கம் கிடைக்கும்.

விழிப்பின் வரிசைமுறை இன்னொரு முடிச்சையும் இட்டது. வைஃபை முதலிய சில்லுகள் மின்சாரம் திரும்பியதும் தமக்குரிய உள்நிரலைச் சேமிப்பகத்திலிருந்து கேட்கின்றன. அந்தச் சேமிப்பகமான அட்டையோ இன்னும் எழவில்லை. 2012-இல் வந்த 3.7-ஆம் பதிப்பிலிருந்து, உறங்குமுன்பே அத்தகைய உள்நிரல்களை ரேமில் எடுத்துவைத்துக்கொள்ளும் ஏற்பாடு இதைத் தீர்த்தது.

நோயறியும் வழிகளுள் முதன்மையானது, தொடர்முனை எனப்படும் சீரியல் இணைப்பின் மூலம் மற்றொரு கணினியில் கெர்னலின் செய்திகளைப் பெறுவதும், உறக்கத்தின்போதும் அந்த முனையை அணைக்காதிருக்கக் கெர்னலுக்குக் கட்டளையிடுவதும் ஆகும். உறக்கத்தைப் பாதிவழியில் நிறுத்தித் திருப்பும் சோதனை நிலைகள் ஐந்து கெர்னலிலேயே உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டினால், நிரல்களை உறையவைப்பதில் குறையா, இயக்கிகளை ஓய்வுக்கு அனுப்புவதில் குறையா, மின்சாரம் உண்மையில் துண்டிக்கப்படும்போது மட்டும் குறையா என்று பிரித்தறியலாம். கட்டுப்படுத்தியின் நிலையைக் காட்டும் சோதனைக் கோப்பில் கடிகார வேகமும் தடங்களின் எண்ணிக்கையும் சமிக்ஞை மின்னழுத்தமும் எழுதப்பட்டிருக்கும், உறங்குமுன் 1.80 வோல்ட் என்று அதில் கண்டால் சந்தேகத்தின் திசை தெளிவாகிவிடும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. புதிய கெர்னல்களில், விழிப்பைத் துரிதமாக்கும் பொருட்டு அட்டையின் துவக்கம், முதல் படிப்போ எழுத்தோ நிகழும் வரை ஒத்திவைக்கப்படுகிறது. எனவே விழிப்பு வெற்றியாக முடிந்தது என்று பதிவு சொல்ல, பிழை அதற்குப் பிந்திய ஏதோவொரு கணத்தில் தொடர்பற்றதுபோல் தோன்றும்.

நெடுந்துயிலைப் பொறுத்தவரை அட்டை அதற்கு ஏற்ற இடமன்று என்றே சொல்லவேண்டும். ரேமின் உள்ளடக்கத்தை, அதன் அளவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குள்ள படிமமாக எழுதுவது கெர்னலின் இயல்பான இலக்கு. 4 கிகாபைட் ரேமுள்ள கருவியில் அது 1.6 கிகாபைட். விநாடிக்கு 10 மெகாபைட் மட்டுமே உறுதியளிக்கும் 10-ஆம் வகுப்பு அட்டையில், சுருக்கத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அதை எழுத 160 விநாடிகள் ஆகும். திரும்பப் படிக்கும் நேரம் தனி. அட்டை கண்டறியப்படுவது கெர்னலின் தொடக்கத்தோடு இணையாகவும் தாமதமாகவும் நிகழ்வதால், படிமத்தைத் தேடும் கணத்தில் அட்டையே தென்படாமல், கருவி புதிதாகத் தொடங்கிவிடும். அட்டை வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அளபுரு இதற்கெனவே சேர்க்கப்பட்டது. படிமத்தை மீட்பதற்கு முன் வேர்க் கோப்பு முறைமை ஒருமுறை இணைக்கப்பட்டுவிட்டால், வேறு கணினியில் திருத்திய அட்டைக்கு நேரும் அதே கதி நேரும். விந்தை என்னவென்றால், அட்டையிலிருந்து இயங்கும் கருவிகளில் மிகப் புகழ்பெற்ற ராஸ்பெரி பை, ரேமில் உறங்கும் வசதியே இல்லாதது. ஆகவே இத்தொல்லைகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்களின் எண்ணிக்கை கேள்விப்பட்டவர்களைவிட மிகுதி.

முற்றிலும் வேறொரு வழியில் சென்றவர்களும் உண்டு. ஆல்பைன் லினக்ஸின் வட்டில்லா முறையிலும் டைனி கோர் போன்ற சிறு விநியோகங்களிலும், தொடங்கும்போதே இயங்குதளம் முழுவதும் ரேமுக்கு ஏற்றப்படுகிறது; தக்கபடி அமைத்தால் அதன்பின் அட்டை விடுவிக்கப்பட்டு, கழற்றினாலும் கேடில்லாத பொருளாகிவிடுகிறது. உறங்கும்போது அட்டையைச் சார்ந்த கோப்பு முறைமை எதுவும் திறந்திராததால், மேலே விரித்த அடையாளச் சிக்கலும் மின்னழுத்தச் சிக்கலும் வந்தாலும் இயங்குதளம் சாய்வதில்லை. அதற்கான விலை இரண்டு: கோப்புகள் ரேமின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மாற்றங்களை அட்டையில் பதியும் கட்டளையைப் பயனரே நினைவாக இடவேண்டும். பதியாமல் உறங்கிய கருவியின் பேட்டரி விழிப்புக்கு முன்பே தீர்ந்துவிட்டால், அடுத்த தொடக்கத்தில் அட்டை தன்னிடமுள்ள பழைய நிலையையே மறுபடி தரும்.